மூன்று டப்பா மாவு

அத்தியாயம் 14

காந்தாவுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்லும் வாசகிகள் என்னை மன்னிக்க வேண்டும். மருந்தும் இல்லை, சூனியமும் இல்லை. கோதுமை. வேலூர் டாக்டர் சென்ற அத்தியாயத்தில் தெளிவாகத்தானே சொன்னார்?

"இந்தப் பெண்ணின் குடலுக்குக் கோதுமை ஆகாது. ஒரு சிட்டிகைகூடக் கூடாது. புண் ஆறுகிற வரைக்கும் கம்பு, சோளம், கேழ்வரகு எதுவும் வேண்டாம். அரிசி கொடுங்கள், போதும்."

டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு அரிசிக்குக் கியூ நிற்கிற வருஷம் இது. காந்தாவின் புருஷன் தர்மனுக்கோ ஜபல்பூரில் தொழிற்சாலை வேலை. அங்கே ரேஷனில் அரிசியைக் கண்ணில் காட்டுவதோடு சரி. இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனால் வழியிலேயே சோதனைக்காரர்கள் பிடுங்கிக்கொள்கிறார்கள். கல்யாணமாகிப் போன இடத்தில் மூன்று வேளையும் சப்பாத்தி தின்றுதான் அந்தப் பெண் துரும்பாக இளைத்துப் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற தாய் வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

"தானியமே இல்லாம ரொட்டி சுட முடியுமாங்க?" என்று காந்தாவின் அம்மா தேவகி டாக்டரிடம் கேட்டாள். "ஏன் முடியாது? வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எதையாவது மாவாக்கித் தட்டிப் பாருங்கள். எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொடுங்கள்" என்றார் அவர். தர்மனும் அதையே பிடித்துக்கொண்டான். ஒத்துக்கொள்கிற மாவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அமாவாசையன்று வந்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லியனுப்பினான்.

ஆக, தேவகியின் அடுக்களையில் மூன்று டப்பாக்கள் ஏறின.

வேர்க்கடலை மாவில் ரொட்டி தட்டினாள். காந்தாவுக்கு அன்று சாயங்காலமே வயிறு உப்பி வாந்தி. முந்திரி மாவுக்கும் அதே கதிதான். மூன்றாவது டப்பா பாதாம். அதை அரைத்துக் கொடுத்தவள் மூலை பேக்கரி மொய்னுதீன் பாயின் மனைவி சைதுன். அந்த மாவைக் காந்தா வாரம் முழுக்கச் சாப்பிட்டாள். ஒரு தொந்தரவும் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது.

இதற்குச் சந்தோஷப்படலாமா? மூன்று வேளையும் பாதாம் ரொட்டி தின்பதற்கு அவள் என்ன அரண்மனையிலா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்? தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி. அதை நினைத்துத்தான் சென்ற அத்தியாயத்தின் கடைசியில் தேவகி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இன்றைக்கு அமாவாசை.

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் காதைத் துளைக்கிற சத்தத்தில் பழகினவர்களுக்கு அன்று மட்டும் அடுத்த வீட்டில் குழம்பு கொதிப்பது கூடக் கேட்கும். எல்லா ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். எந்தச் சண்டையையும் மறைக்க முடியாது.

தேவகி அடுக்களையில் உட்கார்ந்து, இடித்த வேர்க்கடலையைச் சலித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சலிப்பு ஒரு தனி வைபவம். கம்பிச் சல்லடையில் கொட்டை மாவு கட்டி கட்டியாக நின்றுவிடுகிறது என்று அவள் முதல் நாளே அலுத்துக்கொண்டாள். அவள் புருஷன் கைலாசம் உடனே எழுந்து போய்ப் பட்டுத் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். தறியில் நெடுக்கு நூலை, அதாவது புதுப் பாவை, ஏற்றியதும் முதலில் சாண் அளவுக்கு நெய்வார்களே, அந்தத் துண்டு. குறுக்கு நூலான ஊடை நெருங்காமல் சல்லாத் துணிபோல இருக்கும். சேலைக்கு ஆகாதென்று வெட்டிப் போட்டுவிடுவார்கள். கைலாசத்தின் பெட்டியில் அப்படி எத்தனையோ துண்டுகள் கிடந்தன. மாவின் எண்ணெய் ஏறித் துணி பிசுக்குப் பிடித்தால் அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 'எம்பொண்ணு பட்டுல சலிச்ச மாவு துன்றா' என்று அவர் தெருவில் பெருமையடித்துக்கொள்ளாத நாளில்லை.

"காந்தா, இங்க வா" என்றாள் தேவகி. "நான் சொல்றத குறுக்க பேசாம கேளு."

"சொல்லும்மா."

"மாப்பிள்ள வந்து கேட்டா, இப்ப வேர்க்கடலை மாவும் நல்லா ஒத்துக்குதுன்னு சொல்லிடு."

காந்தா அம்மாவையே பார்த்தாள்.

"அவரு எதிர்ல ரெண்டு ரொட்டி சாப்ட்டு காட்டு. அப்புறம் ஏதாவது பண்ணிச்சின்னா தோட்டத்துப் பக்கம் போயிடு. நான் பேச்சுக் குடுத்து அவரை இங்கயே உக்கார வெச்சிக்கறேன்."

"ஜபல்பூர்ல யாரும்மா பேச்சுக் குடுப்பாங்க?"

 தேவகி வேகமாகச் சலிக்க ஆரம்பித்தாள்.

"அங்க போய் ஏதாவது வழி பண்ணிக்கலாம்டி. மொதல்ல போய்ச் சேரு. நீ இங்கயே உக்காந்துக்கினு இருந்தா உன் மாமியா சும்மா இருப்பாளா? பாதாம் துன்ற மருமவ எங்களுக்குக் கட்டாதுன்னு அங்கம்மா திருப்புட்குழி பூரா சொல்லிக்கினு இருக்கறா. எனக்குக் காதுல வந்து வுழுவுது."

தேவகியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகள் வாழவேண்டும் என்கிற அவசரத்தில், மகள் உயிரோடு இருக்கவேண்டும் என்பது ஒரு நிமிஷம் மறந்துபோகிற தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காந்தாவுக்குத்தான் கண்ணில் நீர் முட்டியது. "பொய் சொல்லிட்டுப் போனா அங்க போய் படுத்துடுவேன்மா. அப்ப நோய்க்காரின்னும் பேரு வரும், பொய்க்காரின்னும் பேரு வரும். எனக்கும் அவரோட போவணும்னுதான் இருக்குது. இப்படி வேணாம்" என்றாள்.

"பின்ன எப்படிப் போவப்போற?"

 காந்தா காலியான பாதாம் டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இன்றைக்கு ஒருநாளாவது அவர் எதிரில் உண்மையான மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிடலாம். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு கனகனவென்று இருந்தது. சைதுன் தட்டில் பிஸ்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் காந்தாவைக் கண்டால் வாய் நிறையச் சிரிக்கிறவள், இன்றைக்கு அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, பாதாம் மாவு கொஞ்சம் வேணும்."

"பாதாம் இல்லம்மா."

"கொஞ்சம் இருந்தாக்கூடப் போதும். அவரு இன்னிக்கு வர்றாரு."

சைதுன் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல. உங்கம்மா தெருவுல வந்தா நான் உள்ள ஓடி ஒளியறேன்."

"என்னக்கா ஆச்சு?"

"நான் குடுத்த டப்பா இருக்குது பாரு, அது பூரா பாதாம் இல்ல. பாதிக்கு மேல வேர்க்கடலை."

 சைதுன் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரு நிக்காஹ் ஆர்டர் வந்துச்சு. கையில இருந்த பாதாம் பூரா அதுக்கே போயிடுச்சு. உங்கம்மாகிட்ட டப்பா நெறய தர்றேன்னு வாய வுட்டுட்டேன். பாதி டப்பாவ எப்படி நீட்டறது? அதான் வேர்க்கடலைய எங்க வூட்டு உரல்ல இடிச்சுக் கலந்துட்டேன். அது உனக்கு ஆவாதுன்னு அப்போ எனக்குத் தெரியாதும்மா, அல்லா சத்தியமா தெரியாது! அப்புறம் உங்கம்மா வந்து, பாதாம்தான் ஒத்துக்குது, வேர்க்கடலைதான் பொண்ணக் கொல்லுதுன்னு அழுதாங்க. எனக்கு உசிரே போயிடுச்சு. தெனம் காலையில உன் சத்தம் கேக்குதான்னு காது குடுத்துக்கினு இருக்கறேன். திட்டணும்னா திட்டு."

காந்தா திட்டவில்லை. முக்காலியிலிருந்து எழுந்து சைதுனின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! எனக்கு ஒண்ணும் ஆவலையேக்கா!"

"அதான் அல்லா காப்பாத்திட்டான்."

"அது இல்லக்கா. வாரம் பூரா வேர்க்கடலை சாப்ட்டிருக்கறேன். ஒண்ணும் ஆவல. அப்போ வேர்க்கடலை எனக்கு ஆவும்!"

 ஒரு வாரமாகத் தன் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்த சைதுனுக்கு இது தோன்றவே இல்லை.

"அப்ப உங்க வூட்ல சாப்ட்டா மட்டும் ஏன் வாந்தி?"

அதுதான் கேள்வி. காந்தா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடலை எந்தக் கடை? இரண்டு வீட்டுக்கும் முனிசாமி கடைதான். வறுத்தது? வறுத்துத் தோல் நீக்கினது. அங்கேயும் அப்படியே. இடித்தது? சூடு ஆறினபிறகு, எண்ணெய் கக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. அங்கேயும் அப்படியே.

"சலிச்சது எப்படிக்கா?"

"என்னத்த சலிக்கறது? வூட்டுச் சமையலுக்குன்னு தனியா வெச்சிருக்கற கம்பிச் சல்லடையில ரெண்டு தட்டு தட்டினேன். நறநறன்னு இருந்தா இருந்துட்டுப் போவுது."

காந்தாவின் முகம் மாறியது. கைலாசம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பட்டுத் துண்டு அவள் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. காகிதம்போல மொடமொடவென்று இருக்கும். மாவைக் கொட்டித் தேய்க்கத் தேய்க்கத் துணி துவண்டு போகும். மொடமொடப்பு எங்கே போயிற்று? மாவில்தான் போயிருக்க வேண்டும்.

நூல் விறைப்பாக நிற்கப் பாவுக்குக் கஞ்சி போடாமல் யாரும் தறியில் ஏற்றுவதில்லை. அந்தக் கஞ்சிதான் துணியிலிருந்து உதிர்ந்திருக்கிறது. ஆனால் கஞ்சி என்றால் அரிசிக் கஞ்சி. அரிசிதான் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதே?

சோற்றுக்கே கியூ நிற்கிற இந்த வருஷத்தில், யார் நூலுக்கு அரிசி காய்ச்சிக் கொட்டுகிறார்கள்?

"வந்து சொல்றேன்கா" என்று ஓடினாள். டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கைலாசம் ஓடாத தறியின் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"நைனா, நம்ம பாவுக்கெல்லாம் என்ன கஞ்சி போடறாங்க?"

"அமாவாசையும் அதுவுமா பாவப் பத்தி என்னம்மா பேச்சு?"

"சொல்லு நைனா."

"பாவுக்குக் கஞ்சி போடற தணிகாசலம் வூட்டு அண்டாவுல காய்ச்சறதுதான். தெருவுக்கே அதுதான் கஞ்சி."

"அரிசிக் கஞ்சியா?"

கைலாசம் சிரித்தார். "நல்லா கேட்ட போ! மனுஷனுக்கே அரிசி இல்ல, நூலுக்கு அரிசியா? பொங்கல்லேர்ந்து மைதாக் கஞ்சிதான். தணிகாசலம்தான் யோசன சொன்னான். இழை நல்லாத்தான் நிக்குது."

அடுக்களையிலிருந்து தேவகி எட்டிப் பார்த்தாள். "மைதாவா? என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்றதுக்கு இதுல என்ன இருக்குது? கஞ்சின்னா கஞ்சிதான்."

"நைனா," என்றாள் காந்தா மெதுவாக, "மைதான்னா கோதுமை."

"யாரு சொன்னது? மைதா மரவள்ளிக் கிழங்கும்மா. சினிமா போஸ்டர் ஒட்றானே, அந்த மாவு. கோதுமை சேப்பா இருக்கும், இது வெள்ள வெளேர்னு இருக்குது. ரெண்டும் ஒண்ணா?"

"ஜபல்பூர்ல எங்க தெரு மில்லுலேயே நான் பாத்திருக்கறேன். ஒரே கோதுமைதான். உமி, தவிடு எல்லாம் போக நடுவுல இருக்கற வெள்ளையத் தனியா எடுத்தா மைதா."

"வடக்கத்திக்காரன் எதையாவது பண்ணுவான். நம்ம ஊரு மைதா கிழங்குதான்" என்றார் கைலாசம். பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு இதையேதான் சொல்லியிருப்பார்கள். அவர் குரலில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கண் அடுக்களைப் பக்கம் போயிற்று. தேவகியின் முறத்தின் மேல் அந்தப் பட்டுத் துண்டு கிடந்தது. காலையில் அவரே எடுத்துக் கொடுத்தது.

எழுந்தார். விரித்திருந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "மொய்னுதீன் பாய் தெனம் மைதாவுலதான் பொழைக்கறாரு. அவரையே கேட்டுட்டு வந்துடறேன். அப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் அடங்குவீங்க."

அவர் போனதும் தேவகி பட்டுத் துண்டை எடுத்து உதறினாள். வெயில் விழுந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தூசி பறந்தது. தாயும் மகளும் அதைப் பார்த்தார்கள். 

கைலாசம் திரும்பி வரும்போது செருப்பைப் பேக்கரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார் போலிருக்கிறது, கால் வெறுமனே இருந்தது. நேரே போய்த் தறிமேடையில் உட்கார்ந்தார்.

"கோதுமையாம்" என்றார்.



"பாய் சிரிக்கறாரு. இதுகூடத் தெரியாதான்னு கேக்கறாரு." தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பட்டுல சலிச்சா எம்பொண்ணுக்கு நல்லதுன்னு நெனச்சேனேம்மா. ஒவ்வொரு வாட்டியும் நானே தேடித் தேடி எடுத்துக் குடுத்தேன். நல்ல மொடமொடப்பா இருக்கறதாப் பாத்து..."

அழுதுவிட்டார். பத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் எல்லாரையும் அதட்டுகிற மனிதர், அமாவாசை நிசப்தத்தில், அடுத்த வீட்டுக்குக் கேட்குமே என்ற கவலைகூட இல்லாமல் அழுதார்.

காந்தா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நைனா, அழுவாத. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்குது தெரியுமா? நான் எத வாயில வெச்சாலும் என் ஒடம்பு தள்ளுதேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இனிமே சோறு, பாதாம் தவிர ஒண்ணும் ஆவாது, இப்படியே கெடக்க வேண்டியதுதான்னு நெனச்சேன். அது இல்ல நைனா. ஒரு துண்டுத் துணி. அவ்ளோதான்!"

தேவகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதனால் திட்டினாள். "பட்டுல சலிக்கறாராம் பட்டுல! ஊரெல்லாம் பீத்திக்கினு வந்தியே, நல்லா சலிச்ச! இந்த மாவப் பூரா நீதான் துன்னு தீக்கணும், சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எல்லாரும் ஒரே காரணத்துக்காக அழுதார்கள். நல்ல காரணம்.

அப்புறம் அடுக்களை அமர்க்களப்பட்டது. பாத்திரங்கள், உரல், முறம் எல்லாம் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாயிற்று. பட்டுத் துண்டுகள் பெட்டியோடு தறிக் கூடத்துக்குப் போய்விட்டன. விஷயம் கேள்விப்பட்டு சைதுன் தன் வீட்டுக் கம்பிச் சல்லடையையும் மறந்துபோன டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று, "உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்மா" என்று தேவகியிடம் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொய்க்கு உனக்குக் கோயில் கட்டணும். உள்ள வாடி" என்றாள் தேவகி.

கடலையையும் முந்திரியையும் புதிதாக இடித்து அந்தச் சல்லடையில் சலித்தார்கள், இப்போது பயமில்லாமல் மாவுகளைச் சோதிக்க முடிந்தது. முந்திரி மாவு சொன்னபடி வளைந்தது. ஆனால் கல்லில் போட்டதும் ஒட்டிக்கொண்டு, திருப்புவதற்குள் சிவந்து கருகியது. தித்திப்பு வேறு. தினம் தின்றால் திகட்டிவிடும். வேர்க்கடலை மாவு வாசனையாக இருந்தது, வயிறும் நிறையும், ஆனால் தட்டும்போதே ஓரமெல்லாம் விண்டு போயிற்று.

"முட்ட ஊத்திப் பெசையேன்" என்றாள் சைதுன்.

"அமாவாசையா இருக்குது, ஆளை வுடு" என்றாள் தேவகி.

காந்தா கொஞ்சம் யோசித்தாள். "ஜபல்பூர்ல உருளக்கெழங்குக்குப் பஞ்சமே இல்ல" என்றாள். ஒரு கிழங்கை வேகவைத்து, மசித்து, வேர்க்கடலை மாவோடு சேர்த்துப் பிசைந்தாள். மிருதுவுக்கு ஒரு பிடி முந்திரி மாவு. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டினாள். இலையோடு கல்லில் கவிழ்த்து இலையை உரித்தாள். ஓரம் விண்டுபோகவில்லை. திருப்பினாள். முழுசாகத் திரும்பியது.

"பாதாம்?" என்று கேட்டாள் தேவகி.

"பாதாம் சைதுன் அக்கா பிஸ்கட்டுக்கே இருக்கட்டும். எனக்கு இது போதும்மா" என்றாள் காந்தா. மூன்று டப்பாவில் எது என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது.

வெயில் தாழ்ந்தபோது தர்மன் வந்தான். ரயில் கரி இன்னும் சட்டைக் காலரில் இருந்தது. வாசலில் நின்றவன் முதலில் பார்த்தது பெண்டாட்டியின் முகத்தைத்தான்.

"வாங்க மாப்பிள்ள, வாங்க" என்று தேவகி ஓடினாள். காலையில் கட்டிவைத்த பொய் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்த நிம்மதியில் அவள் நடையே மாறியிருந்தது.

கைலாசம் முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் தானே சொன்னார். மைதா, மரவள்ளி, மொய்னுதீன் பாய் சிரித்தது, எதையும் மறைக்கவில்லை.  எல்லாம் கேட்டுவிட்டுத் தர்மன், "அப்ப அங்க மெஸ்ஸு குழம்பு, ஓட்டல் குழம்பு, எல்லாத்துலயும் மைதா கரைச்சிருக்கான்னு பாக்கணும் இல்ல மாமா?" என்றான். கைலாசத்துக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அழைத்துக்கொண்டு போகிற எண்ணம் இல்லாதவன் இதையெல்லாம் கேட்கமாட்டான்.

காந்தா இரண்டு இலை போட்டாள். ஒன்று அவனுக்கு, ஒன்று தனக்கு. அவனோடு உட்கார்ந்து சாப்பிட அந்த வீட்டில் அவளுக்கு அதுவரை துணிச்சல் வந்ததில்லை. தேவகி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

தர்மன் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றான்.

"எப்படி இருக்குது?" என்றாள் காந்தா.

"சப்பாத்தி மாதிரி இல்ல."

"சப்பாத்தி மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான்."

அவன் சிரித்துவிட்டான். "நல்லா இருக்குது. கொஞ்சம் உப்பு போடு. எங்க ஃபாக்டரியில எல்லாரும் எனக்குப் பங்கு கேப்பானுங்க." மூன்றாவது ரொட்டியைத் தானே எடுத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்தபிறகு அடுப்பிலிருக்கும் பாலைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் பயம் இருந்தது. விளக்கு வைத்தார்கள். தெருவில் கற்பூர வாசனை வந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு லேசாகப் பசிக்கக்கூட ஆரம்பித்தது. பசிக்கிறது என்பதே எவ்வளவு நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல திருப்புட்குழி போயிடலாம்" என்றாள் அவனிடம். "அத்தைக்கு நானே என் கையால ரொட்டி சுட்டுப் போடறேன். பாதாம் துன்ற மருமவ இல்லன்னு அவங்க கண்ணால பாக்கட்டும். அப்புறம் ஊருக்குக் கெளம்பலாம்."

தர்மன் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு வேணாம் காந்தா."

"ஏன்?"

"நாளைக்குக் கூரம் கிராமத்துலேர்ந்து சில பேரு அங்க வர்றாங்க."

"யாரு? எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "அம்மா வரச் சொல்லியிருக்காங்க. அந்தக் கூரத்துக்காரங்க வூட்ல எனக்குப் பாக்கறதுக்கு ஒரு பொண்ணு இருக்குதாம்."

அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கைலாசம் எழுந்து நின்றுவிட்டார். காந்தா கையை உயர்த்தி, அவரைப் பேசவேண்டாம் என்று தடுத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொல்லல." சொம்பை ஓரமாக நகர்த்தினான். "வேணாம்னும் சொல்லல. உனக்குப் பாதாம்தான் ஒத்துக்குதுன்னு கேட்டதும் எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. சம்மதம் இல்லாமத்தான் நேரா இங்க வந்தேன்."

 மூன்று ரொட்டி தின்றுவிட்டுச் சொல்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இவன் பொய் சொல்லவில்லை. கேட்டதும் உள்ளதைச் சொல்லிவிட்டான். அந்த ஒன்றை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சுவரோரம் சாய்த்திருந்த உலக்கையை எடுத்துக்கொண்டு உரலருகே போனாள்.

"கூரத்துலேர்ந்து எத்தன பேரு வர்றாங்க?"

"ஏன் காந்தா?"

"சொல்லுங்க. அத்தன பேருக்கும் அந்த வூட்டு மருமவ நான்தான் ரொட்டி சுட்டுப் பரிமாறப் போறேன்" என்றாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, இருக்கற கடலைய பூரா வறுத்து எடுத்துக்கினு வா" என்றாள்.